வீட்டுக் கொல்லையில் காய்கறித் தோட்டத்துக்கு இடம் தேர்ந்தெடுப்பது எப்படி?

வீடு கட்டி முடித்தபின் எஞ்சிக் கிடப்பதே தோட்டத்துக்கான இடம் என்பது நம் ஊர்களில் எழுதப்படாத விதியாக இருக்கிறது. வண்டி நிறுத்தவும் துணி உலர்த்தவும் செப்டிக் டேங்குக்கும் இடம் ஒதுக்கியபின் மீந்த மூலையில் நான்கு கத்தரி நாற்றுகளை நட்டுவிட்டு, அவை நெடுநெடுவென வளர்ந்தும் காய் பிடிக்காமல் நிற்கும்போது விதையையும் உரத்தையும் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குறை இடத்தில்தான் இருக்கும். இந்த வழிகாட்டி தமிழ்நாட்டின் சமவெளி ஊர்களில் தனி வீடும் அதைச் சுற்றிச் சில நூறு சதுர அடி வெறும் நிலமும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்டது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலையூர்களுக்கு வெயிலையும் காற்றையும் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தா.

இடத் தேர்வில் ஓர் ஒழுங்கைப் பின்பற்ற வேண்டும். மாற்றவே முடியாததை முதலிலும், பணம் செலவழித்தால் மாற்றக்கூடியதை அடுத்தும், எளிதில் மாற்றக்கூடியதைக் கடைசியிலும் பார்க்க வேண்டும். வெயில் விழும் பாதையை எவராலும் மாற்ற முடியாது. மழைநீர் தேங்கும் பள்ளத்தை மேடாக்கலாம். அதற்கு லாரி மண்ணும் ஆள்கூலியும் வேண்டும். மண்வளத்தையோ இரண்டு மூன்று பருவங்களில் தொழுவுரமும் பசுந்தாளும் இட்டுத் தேற்றிவிடலாம். நடைமுறையில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. மண் கறுத்துப் பொலபொலவென்று இருக்கும் இடத்தைக் கண்டதும் அங்கேயே பாத்தி கட்டிவிடுகிறோம். அந்த மண் ஏன் எப்போதும் ஈரமாக இருக்கிறது, அங்கே வெயிலே விழாததுதான் காரணமா என்று கேட்பதில்லை.

முதல் வேலை: வரைபடம்

கட்டம் போட்ட நோட்டுத் தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் அடி என்று வைத்துக்கொண்டு மனையை வரையுங்கள். வீடு, காம்பவுண்டு சுவர், பக்கத்து வீட்டு மாடி, மரங்கள் ஆகியவற்றின் உயரத்தையும் அவற்றின் அருகிலேயே குறித்துவையுங்கள். பின்னால் நிழலைக் கணக்கிட இந்த எண்கள் தேவைப்படும். செப்டிக் டேங்கு, உறிஞ்சு குழி, மழைநீர் சேகரிப்புக் குழி, சம்ப், போர்வெல், தண்ணீர்க் குழாய் போகும் வழி, நிலத்தடி மின்கம்பி ஆகியவற்றையும் விடாமல் குறியுங்கள். 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால், அதன்பின் கட்டிய வீடுகளில் ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி எங்காவது மூடப்பட்டுக் கிடக்கலாம். அதன்மேல் பாத்தி கட்டினால் ஊற்றும் நீர் நிற்காது. குழியும் மண்ணேறி அடைத்துக்கொள்ளும். திசையைக் கைபேசித் திசைகாட்டியில் பார்ப்பதாயின் இரும்புக் கேட், தூண் கம்பி ஆகியவற்றிலிருந்து தள்ளி நின்று பாருங்கள், ஏனெனில் இரும்பின் அருகே அது பிசகிக் காட்டும்.

வெயில்

கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய், அவரை, புடலை போன்ற காய்க்கும் பயிர்களுக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். முள்ளங்கியும் வெங்காயமும் அதைவிடச் சற்றுக் குறைந்தாலும் தாங்கும். கீரைகளுக்கு 4 மணி நேரம் போதும். புதினா, வல்லாரை, சேம்பு, இஞ்சி, மஞ்சள் ஆகியவை பாதி நிழலிலும் வளரும். ஆகவே நாம் தேடுவது கொல்லையிலேயே அதிக வெயில் விழும் இடத்தை மட்டுமன்று. எந்த இடத்தில் எந்த மாதத்தில் எவ்வளவு வெயில் என்ற விவரத்தை.

மாதத்தைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுத் தோட்ட நூல்கள் தெற்கு பார்த்த இடமே சிறந்தது என்று அடித்துச் சொல்லும். கடக ரேகைக்கு வடக்கே, சூரியன் எப்போதும் தெற்கிலேயே உச்சிக்கு வரும் நாடுகளுக்கு அது முற்றிலும் சரி. நம் ஊர்கள் அந்த ரேகைக்குத் தெற்கே கிடக்கின்றன. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும், மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேலே வருகிறது. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் வைகாசியில் வெயில் கொளுத்தும் வடக்குக் கொல்லை, மார்கழியில் வீட்டு நிழலுக்குள் முழுதாக மறைந்துபோகக்கூடும். கோடையில் இடம் பார்த்துப் பாத்தி கட்டுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இரண்டு சாய்வும் ஒரே அளவினதல்ல. டிசம்பர் 22ஐ ஒட்டிச் சென்னையில் 10 அடி உயரச் சுவர் உச்சிப்பொழுதில் வடக்கே ஏறத்தாழ ஏழரை அடிக்கு நிழல் வீழ்த்தும். மதுரையில் அது ஆறரை அடியாக இருக்கும். ஜூன் 21ஐ ஒட்டி அதே சென்னைச் சுவரின் நிழல் தெற்கே இரண்டடிக்கும் குறைவு. எனவே மார்கழி நிழலைக் கணக்கிட்டு இடம் தேர்ந்தால் ஆண்டு முழுவதற்கும் பெரும்பாலும் பிழை வராது. உயரத்தில் முக்கால் பங்கு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: தரைத்தளமும் ஒரு மாடியுமாக 22 அடி உயர்ந்த வீட்டின் வடக்குச் சுவரிலிருந்து 16, 17 அடி தள்ளித்தான் மார்கழியில் உச்சி வெயில் தரையைத் தொடும். ஆடிப்பட்டத்தில் விதைத்து மழைக்காலத்துக்குப் பின்னும் காய் பறிக்க எண்ணுகிறவர்களும், தைப்பட்டத்தில் விதைக்கிறவர்களும் இந்த எல்லைக்குள் காய்கறி வைக்கக் கூடாது.

கணக்கோடு நேரில் பார்ப்பதும் அவசியம். வானம் தெளிந்த ஒரு நாளில் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கொரு முறை மாடியின் ஒரே இடத்தில் நின்று கொல்லையைப் படமெடுங்கள். மாடி இல்லையெனில், நிழலின் விளிம்பில் கோலமாவால் கோடிழுத்து மணியைப் பக்கத்தில் எழுதிவையுங்கள். மாலையில் அந்தக் கோடுகளுக்கிடையே நின்று பார்த்தால், எந்த இடம் எத்தனை மணி நேரம் வெளிச்சத்தில் இருந்தது என்பது தரையிலேயே தெரிந்துவிடும். வரைபடத்தில் 6 மணி நேரத்துக்கு மேல், 4 முதல் 6 மணி நேரம் வரை, அதற்கும் கீழே என மூன்று பகுதிகளாகப் பிரித்து நிழலிட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் இதைச் செய்வது கோடையில் என்றால் மார்கழி நிழலை எப்படிப் பார்ப்பது? பௌர்ணமி நிலவு சூரியனுக்கு எதிர்ப்புறம் நிற்பதால், ஆனி மாதத்து முழுநிலவு ஏறக்குறைய மார்கழிச் சூரியனின் பாதையிலேயே செல்லும். அன்று நள்ளிரவில் விளக்குகளை அணைத்துவிட்டுக் கொல்லையில் இறங்கிப் பாருங்கள். நிலவொளியில் வீடு எதுவரை நிழல் வீழ்த்துகிறதோ, மார்கழி நண்பகலில் ஏறத்தாழ அதுவரை வீழ்த்தும். சில பாகை வேறுபாடு இருக்கலாம். இடம் தேர்வுக்கு இந்தத் துல்லியம் தாராளம். இதேபோல் மார்கழித் திருவாதிரையை ஒட்டிய முழுநிலவு ஆனி மாதச் சூரியனின் பாதையைக் காட்டிவிடும்.

மரநிழலைச் சுவர்நிழல் போலக் கருத வேண்டாம். வேம்பு மாசி, பங்குனியில் இலை உதிர்த்துச் சித்திரையில் மீண்டும் தழைத்துவிடுவதால், தையில் பார்த்த நிழலும் பங்குனியில் பார்த்த நிழலும் ஒன்றாக இரா. மா, பலா, புளி ஆண்டு முழுதும் அடர்நிழல் தருபவை. முருங்கையின் நிழல் ஓட்டை விழுந்த நிழல். அதன் கீழே கீரை நன்றாகவே வரும்.

பிற்பகல் வெயிலும் காற்றும்

எத்தனை மணி நேரம் வெயில் என்பதோடு எந்த வேளை வெயில் என்பதும் கணக்கில் வர வேண்டும். பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டும்போது தக்காளிப் பூக்கள் பிஞ்சாகாமல் உதிர்கின்றன. அக்கினி நட்சத்திர நாள்களில் நம் சமவெளி ஊர்கள் பலவும் அதற்கு மேலேயே நிற்கும். வீட்டின் மேற்குப் பக்கத்தில் சிமென்ட் தளத்தை ஒட்டிய குறுகிய மண்பட்டையில், பிற்பகல் வெயிலும் சேர்ந்து, சூடேறிய சுவர் இரவில் கக்கும் வெப்பமும் சேர்ந்து செடியை வாட்டும். ஆகவே இரண்டு பக்கமும் இடம் இருந்தால் கிழக்கையே தேர்ந்தெடுப்பேன். காலையிலிருந்து நண்பகல் தாண்டும் வரை வெயில், அதன்பின் வீட்டு நிழல் என்ற அமைப்பு நம் கோடைக்கு வேறெதையும்விடப் பொருத்தமானது. மேற்குதான் கிடைக்கும் என்றால், அதன் மேற்கு ஓரத்தில் பாகல், பீர்க்கு, கோவைக்கொடி ஏறும் பந்தல் ஒன்றை நிறுத்திப் பிற்பகல் வெயிலைச் சலித்துக்கொள்ளலாம்.

வாஸ்து பார்ப்பவர்கள் உயர்ந்த மரங்களைத் தெற்கிலும் மேற்கிலும் வைத்து வடகிழக்கைத் திறந்துவிடச் சொல்வார்கள். மேற்கு மரம் பிற்பகல் வெயிலைத் தணிக்கும் என்ற அளவில் அது தோட்டக்காரருக்கும் ஒத்துவருகிறது. தெற்கில் அடர்ந்த மரத்தை நட்டால் மார்கழி, தை மாதங்களில் பாத்தி நிழலாகிவிடும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

பாலக்காட்டுக் கணவாயின் வழியே தென்மேற்குக் காற்று நேராகப் பாயும் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளிலும், செங்கோட்டைக் கணவாயை ஒட்டிய தென்காசிப் பகுதியிலும் ஆனி, ஆடிக் காற்று வாழையைக் கிழித்துப் பந்தலைச் சாய்த்துவிடும். மற்ற ஊர்களிலும் இரண்டு வீடுகளுக்கிடையேயுள்ள சந்தின் வாயில் காற்று விசை கூடி வீசும் என்பதால் அந்த வாய்க்கு நேரே தோட்டம் வேண்டாம். காற்றைத் தடுக்க உயரச் சுவரைவிட உயிர்வேலி மேலானது. சுவரின்மேல் ஏறிக் குதிக்கும் காற்று மறுபுறம் சுழன்றடிக்கும், கிளுவையோ செம்பருத்தியோ ஆடாதொடையோ அதை வடிகட்டி மெதுவாக்கி அனுப்பும். ஆடாதொடையை ஆடு மேயாது என்பது கூடுதல் வசதி.

நீர்: தேங்குவதும் கிடைப்பதும்

தமிழ்நாட்டின் கிழக்கு மாவட்டங்களுக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. வேரடியில் இரண்டு நாள் நீர் நின்றால் மிளகாயும் தக்காளியும் வாடிச் சாய்ந்துவிடும் என்பதால், வடிகால் இல்லாத இடத்தை வெயில் நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஏற்றுக்கொள்ள முடியாது. ஒரு பெருமழையின்போது குடையோடு கொல்லைக்குப் போய், மாடிக் குழாய்கள் எங்கே கொட்டுகின்றன, நீர் எந்தப் பக்கம் ஓடி எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மழை விட்ட மறுநாளும் நீர் நின்றால் அந்த இடத்தை விலக்கிவிடுங்கள். வெயில்காலத்தில் பார்க்கிறவர்களுக்குக் களைகள் துப்பு கொடுக்கும்: கோரையும் பொடுதலையும் அடர்ந்திருந்தால் அங்கே ஈரம் தங்குகிறது என்று பொருள்.

இதை உறுதிசெய்ய ஓர் எளிய சோதனை உண்டு. ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி தோண்டி நீர் நிரப்பி முழுதும் வற்ற விடுங்கள். மண் ஊறியபின் மறுபடி நிரப்பி, ஓர் அளவுகோலைச் செருகி மணிக்கு எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று பாருங்கள். 1 முதல் 3 அங்குலம் இறங்கினால் காய்கறிக்கு உகந்தது. ஓர் அங்குலத்துக்கும் குறைவென்றால் தரைமட்டத்தில் பாத்தி வேண்டாம். முக்கால் அடி முதல் ஓரடி வரை உயர்த்திய மேட்டுப்பாத்தியே சரிவரும். நான்கைந்து அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அது மணற்பாங்கான இடம். விலக்கத் தேவையில்லை, ஆனால் தொழுவுரமும் மண்ணை மூடும் இலைதழை மூடாக்கும் நிறைய வேண்டும், நீரும் அடிக்கடி ஊற்ற வேண்டும்.

கிடைக்கும் நீரைப் பற்றியும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். உச்சக் கோடையில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 6 லிட்டர் நீர் தேவைப்படும் என்று வைத்துக்கொண்டால், 10 அடிக்கு 10 அடி உள்ள சிறிய தோட்டத்துக்கு ஏறத்தாழ 50 லிட்டர், அதாவது நான்கு பிளாஸ்டிக் குடம். குழாய் எட்டாத மூலைக்கு இதைத் தினமும் சுமந்து ஊற்றும் ஆர்வம் பங்குனி வரை தாங்குவது அரிது. போர்வெல் நீர் உவர்ப்பாக இருந்து, குழாய் வாயிலும் காய்ந்த தரையிலும் வெள்ளையாக உப்புப் பூக்கிறதென்றால், மழைநீர் சம்புக்கு அருகே உள்ள இடத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். சமையலறைக் கழிவுநீர் வாழைக்கும் சேம்புக்கும் போகலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம். துணி துவைக்கும் இயந்திரத்தின் சோப்புநீர் தொடர்ந்து பாயும் களிமண் நாளடைவில் இறுகிப்போகும் என்பதால் அந்தத் தாரையின் வழியிலிருந்து தோட்டத்தைத் தள்ளியே வையுங்கள்.

மரவேரும் சுவரடியும்

நன்கு வளர்ந்த தென்னையின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி அடிமரத்தைச் சுற்றி ஆறடிக்குள் இருக்கும். அதற்குள் வைக்கும் கத்தரிக்கு இடும் உரத்தைத் தென்னைதான் எடுத்துக்கொள்ளும். மட்டையும் தேங்காயும் விழும் இடம் என்பதையும் மறக்கக் கூடாது. வேம்பு, புளி, மா ஆகியவற்றின் வேர்கள் கிளைப்பரப்பையும் தாண்டி ஓடும். ஐயமிருந்தால் உத்தேசித்த இடத்தில் முக்கால் அடி தோண்டிப் பாருங்கள். நூல்நூலாக வேர்கள் பின்னிக் கிடந்தால் இன்னும் தள்ளிப்போக வேண்டும். வேரை வெட்டிவிட்டுப் பாத்தி கட்டுவது வீண்வேலை. நீரும் உரமும் கிடைக்கும் இடத்துக்கு அவை திரும்ப வந்துவிடும். ஒரு பக்க வேர் குறைந்த மரம் புயலுக்குச் சாயவும் கூடும்.

சுவரை ஒட்டிப் பாத்தி கட்டுவதைப் பலரும் இடச்சிக்கனமாகக் கருதுகிறார்கள். நான் இரண்டு மூன்று அடியாவது விடச் சொல்வேன். அஸ்திவாரத்தை மூடிய மண்ணில் செங்கல் துண்டும் சிமென்ட் கலவையும் கலந்து களர்த்தன்மை ஏறியிருக்கும். கட்டும்போது கரையானுக்கு மருந்து அடித்திருந்தால், அந்த மருந்து ஊறியிருப்பதும் அதே மண்ணில்தான். பழைய வீடுகளில் இன்னொரு கவலையும் உண்டு. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஜன்னலுக்கும் கிரில்லுக்கும் பூசிய எனாமல் பெயின்ட் உரிந்து உதிரும் இடத்தில் கீரையோ கிழங்கோ வைக்காதீர்கள். செப்டிக் டேங்கு, உறிஞ்சு குழி ஆகியவற்றின் மேலும் அருகிலும், குறைந்தது பத்தடிக்குள், பச்சையாகத் தின்னும் எதுவும் வேண்டாம். அங்கே பூச்செடிகள் வையுங்கள்.

மண்

இதுவரை எஞ்சிய இடங்களில் மட்டும் கடப்பாரையைப் போடுங்கள். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழியெடுத்து அதன் பக்கச் சுவரைப் பார்த்தால் கொல்லையின் வரலாறு அடுக்கடுக்காகத் தெரியும்: மேலே நான்கு அங்குலம் செம்மண், அதன்கீழே கட்டட வேலையில் புதைத்த ஓட்டுச் சில்லும் சிமென்ட் சாக்கும், அதற்கும் கீழே இறுகிய பழைய தரை என்பது புதுமனைகளில் வழக்கமான காட்சி. இடிபாடு அரை அடிக்குள் முடிந்தால் பொறுக்கி எடுத்துவிடலாம். அதற்குமேல் போனால் அடுத்த இடத்தைப் பார்ப்பதே மலிவு. கரிசலோ களிமண்ணோ செம்மண்ணோ எதுவானாலும் தொழுவுரத்தால் சீராகும். காரஅமிலத்தன்மை (pH) மட்டும் 6.5 முதல் 7.5 வரை இருப்பது நல்லது. அதை அறிய, கொல்லையின் நாலைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் அரை அடி ஆழத்துக்குக் குழிவெட்டி, பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டியெடுத்து, ஒன்றாகக் கலந்து நிழலில் உலர்த்தி, அரைக்கிலோவை வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம்.

குறியிடுவதும் வெள்ளோட்டமும்

சமையலறைப் பின்கதவிலிருந்து பார்வை படும் இடமாக இருந்தால் செடியில் புழு விழுந்தது அன்றே தெரியும். குரங்கும் மயிலும் வரும் ஊர்களில் இது இன்னும் முக்கியம். பெருச்சாளி வளை தோண்டும் காம்பவுண்டு மூலையில் கிழங்குப் பயிர் வேண்டாம். தொடக்கத்துக்கு நூறு சதுர அடி போதும். பாத்தியின் அகலம் நான்கடிக்கு மேல் போகாமல், இரண்டு பக்கத்திலிருந்தும் கை நடுவரை எட்டும்படி கயிறு கட்டிக் குறியுங்கள். இடையே ஒன்றரை அடி நடைவழி விடுங்கள். பந்தலும் உயரமான செடிகளும் வடக்கு அல்லது மேற்கு ஓரத்தில் நிற்கட்டும்.

இரண்டு இடங்களுக்கிடையே முடிவு எட்டாமல் நின்றால், இரண்டிலும் ஒரே நாளில் இரண்டடிச் சதுரம் கொத்தி, ஒரே பொட்டலத்துத் தட்டைப்பயற்றை விதைத்து, ஒரே அளவு நீர் ஊற்றி வாருங்கள். மூன்று வாரத்தில் கணுக்கள் நெருங்கித் தண்டு தடித்து நிற்கும் இடத்துக்கும், வெளிச்சம் தேடி மெலிந்து நீண்டு ஒரு பக்கம் சாயும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு செடிகளை மண்ணோடு பெயர்த்தெடுத்து அலசி வேரைப் பாருங்கள். ஆணிவேர் நேராக இறங்காமல் பக்கவாட்டில் மடங்கியிருந்தால் கீழே இறுகிய அடுக்கு இருக்கிறது. வேர் பழுப்பேறி அழுகல் நாற்றம் அடித்தால் வடிகால் போதாது. வேர்முடிச்சுகளை விரல்நகத்தால் கிள்ளிப் பாருங்கள்; கிள்ளியதும் உதிர்ந்து உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிபவை தழைச்சத்து சேர்க்கும் நல்ல முடிச்சுகள். உதிராமல் வேரே வீங்கித் தடித்திருந்தால் அது நூற்புழு; அந்த இடத்தில் முதல் பருவத்தில் தக்காளியும் கத்தரியும் வைக்காமல் துலுக்கச் சாமந்தியைப் போடுங்கள். எஞ்சிய தட்டைப்பயற்றுச் செடிகளைப் பூக்கும் தறுவாயில் அங்கேயே மடக்கிக் கொத்திவிட்டால், தேர்ந்தெடுத்த இடத்துக்கு அதுவே முதல் பசுந்தாள் உரமாகும்.